திறந்த நிரலும் மூடிய அறிவும்

மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருடன் பகிரலாம் என்னும் கோட்பாடு கணினித்துறையில் ஏற்பட்ட மாற்றங்களுள் முதன்மையானதொன்றாகும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும், அறிவு தனியுடைமையாவது தவிர்க்கவியலாதது என்ற எண்ணத்தைத் தகர்த்தன. ஆயினும் இவ்வியக்கத்தின் வெற்றியைப் போற்றுவோர் வசதியாக மறந்துவிடும் உண்மையொன்றுண்டு. நிரலைத் திறந்து வைப்பது வேறு. அதனை விளங்கிக்கொள்ளும் வழியைத் திறந்து வைப்பது வேறு. பின்னையது இல்லாதவிடத்து முன்னையது பெயரளவிலான உரிமையாகவே எஞ்சுகின்றது.

2017இல் கிட்ஹப் நிறுவனம் நடாத்திய ஆய்வில், விடையளித்தோருள் 93 சதவீதத்தினர் முழுமையற்ற அல்லது காலங்கடந்த விளக்க ஆவணங்களைக் குறைபாடாகச் சுட்டினர். அதே ஆய்வில், பங்களிப்பாளருள் 60 சதவீதத்தினர் அத்தகைய ஆவணங்களை எழுதுவதில் தாம் அரிதாகவே ஈடுபடுவதாக அல்லது ஒருபோதும் ஈடுபடுவதில்லை எனத் தெரிவித்தனர். குறையை அறிந்தோர் மிகப் பலர். களைய முன்வருவோர் சிலர். இதனைச் சோம்பல் என்று கூறி ஒதுக்கிவிட முடியாது. நிரல் எழுதுவது படைப்பு, விளக்கம் எழுதுவது ஏவல்வேலை என்னும் தரப்பாகுபாடே இதன் வேராகும்.

இப்பாகுபாடு தொடக்கத்திலேயே இருந்ததன்று. யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கைந்நூல் 1971 நவம்பரில் வெளிவந்தது. அதனை எழுதியோர் அவ்வியங்குதளத்தை ஆக்கிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியுமே ஆவர். ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய பக்கத்தில் அதன் வழுக்களைக் கூறுவதற்கென்றே தனித் தலைப்பொன்று அமைந்திருந்தது. ஆக்கியோனே தன் ஆக்கத்தின் குறைகளை அச்சிற் பதிக்கும் நேர்மை அக்கைந்நூலின் இலக்கணமாயிருந்தது.

அம்மரபின் வழிவந்த லினக்ஸ் கைந்நூற் பக்கங்களின் நிலை யாது? உலகின் பெரும்பாலான சேவையகங்கள் லினக்ஸில் இயங்குகின்றன. அதனைப் பயன்படுத்திப் பெரும்பொருள் ஈட்டும் நிறுவனங்கள் பல. எனினும், 2024 செப்டெம்பரில் அக்கைந்நூலின் பராமரிப்பாளர், ஓய்வுநேரத்தில் ஊதியமின்றிச் செய்துவந்த பணியைத் தொடர இயலாதெனக் கூறி அதனை இடைநிறுத்துவதாக அறிவித்தார். அதன் பின்னரே சில நிறுவனங்கள் நிதியளிக்க முன்வந்தன. பொதுச்சொத்தின் பயனைத் தமதாக்கிக் கொண்டு, அதனைப் பேணும் சுமையைத் தனியொருவரின் தோளில் ஏற்றும் முறைமைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆவணமாக்கலைப் புறக்கணிப்போர் சில நியாயங்களை முன்வைப்பதுண்டு. 'நிரலே தன்னை விளக்கும்' என்பது அவற்றுள் முதலாவது. நிரல் யாது செய்கின்றது என்பதை நிரலிற் காணலாம். ஏன் அவ்வாறு செய்கின்றது, எவ்வழிகள் ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டன, எந்நடத்தை திட்டமிட்டது, எது தற்செயலானது என்பனவற்றை அதிற் காண முடியாது. செய்யுளிலேயே பொருள் உண்டு என்று கூறித் தமிழ்ப் புலமை மரபு உரையை ஒதுக்கிவிடவில்லை. நன்னூலார் உரையைக் காண்டிகை, விருத்தி என வகுத்து, கருத்து, பதப்பொருள், உதாரணம், வினாவிடை ஆகியவற்றை அதன் உறுப்புகளாகக் கூறினார். தொல்காப்பியம் பிற்காலத்தவர்க்கு வாசிக்கத்தக்க நூலாய் நிலைத்தமைக்கு இளம்பூரணர் முதலிய உரையாசிரியர்களின் உழைப்பு இன்றியமையாத காரணமாயிற்று. உரையாசிரியரை எவரும் இரண்டாந்தரப் புலவராகக் கருதியதில்லை.

'ஆவணம் விரைவிற் பழமையடையும். பிழையான விளக்கத்திலும் விளக்கமின்மையே நன்று' என்பது இரண்டாவது வாதம். இது நோயைக் காட்டி மருத்துவத்தை மறுப்பதாகும். ஜாங்கோ திட்டத்தில் புதிய வசதியொன்றுக்கான நிரல் அதற்குரிய விளக்கமும் சோதனையும் இன்றி ஏற்கப்படுவதில்லை. ஓப்பன் பிஎஸ்டி திட்டம் கைந்நூற் பிழையை நிரற் பிழைக்கு நிகரான வழுவாகவே கொள்கின்றது. மேலும், விளக்கம் எழுதுதல் நிரலையே செம்மைப்படுத்தும். லினக்ஸ் கைந்நூலைப் பல்லாண்டுகள் பராமரித்த மைக்கேல் கெரிஸ்க், எழுதும் முயற்சியிலேயே வடிவமைப்புக் குறைகள் வெளிப்படுவதை வலியுறுத்தி வந்துள்ளார். விளக்க முடியாதது பெரும்பாலும் செம்மையாக அமைக்கப்படாததே.

'இனி எந்திரமே விளக்கத்தை எழுதிவிடும்' என்பது அண்மையிற் கேட்கும் வாதம். நிரலைப் படித்து அதனை வேறு சொற்களிற் கூற எந்திரத்தால் இயலும். ஆக்கியோன் எங்கும் பதியாது விட்ட காரணத்தை அதுவும் ஊகிக்கவே முடியும்; ஊகத்தை உறுதிபோலக் கூறும் ஆவணம் கற்போனை வழிதவறச் செய்யும்.

விளக்கமின்மையால் முதலில் வெளியேற்றப்படுவோர் யார் என்பதே இங்கு அடிப்படை வினா. பெருநிறுவனத்திற் பணிபுரிபவர் அருகிலிருப்பவரைக் கேட்டறிவார். தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்து மாணவருக்குக் கைந்நூலே ஆசான். 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கையில் உருவான சஹானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், 2005இல் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெய்ட்டியிலும் நிலநடுக்கங்களின் பின் பயன்பட்டது. இடிபாடுகளிடையே அத்தகைய மென்பொருளை நிறுவ முயல்பவரிடம், நிரலைப் படித்து விளங்கிக்கொள் எனக் கூறுவது கொடுமையாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களும் இவ்விடயத்திற் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது. கூகிள் நிறுவனத்தின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல்லாண்டுகள் முன்னணியில் நின்றனர். அத்திட்டமோ ஆவணமாக்கலை மட்டும் கொண்ட முன்மொழிவுகளை ஏற்பதில்லை என்பதை விதியாகக் கொண்டது. அவ்விதியின் மதிப்பீட்டைப் பல்கலைக்கழகங்களும் தமதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இறுதியாண்டுச் செயற்றிட்டங்களில் விளக்கத்துக்குக் கணிசமான புள்ளிகள் ஒதுக்கப்படுதல் வேண்டும். நடைமுறையிலுள்ள திறந்த மூலத் திட்டமொன்றின் கைந்நூலைத் திருத்தி எழுதுவது தகுதிவாய்ந்த செயற்றிட்டமாக ஏற்கப்படுதல் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் அவற்றை ஆக்குவோர் மொழிபெயர்ப்பாளராக மட்டுமன்றி அத்திட்டத்தின் பங்காளராகவும் மதிக்கப்படுதல் வேண்டும்.

அறிவைப் பொதுவுடைமையாக்குவதாகக் கூறும் இயக்கம், அவ்வறிவுக்குரிய வாயிலைச் சிலரின் நினைவில் மட்டும் வைத்திருக்குமாயின், அது பழைய தனியுடைமையின் புதிய வடிவமே அன்றி வேறன்று.