614 ரூபாய்க்கு 160 ஏக்கர்: யார் ஆக்கிரமிப்பாளர்?

அரியலூர் பக்கம் ஒரு சேரியில், ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் ஆயா ஒருவர் நோட்டீசை நீட்டிக் கேட்டார்: "நாப்பது வருசமா இங்கதான் கெடக்கேன். ஆக்கிரமிப்புன்னு போட்டிருக்காமே, அப்படின்னா என்னம்மா?"

எனக்குக் கிண்டி குதிரைப் பந்தய மைதானம்தான் நினைவுக்கு வந்தது.

அடையாற்றுக்குத் தெற்கே, 1777-இல் வெள்ளைக்காரர்கள் குதிரை ஓட்டத் தொடங்கிய இடம் அது. 1945-இல் 160.86 ஏக்கர் அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குப் போனது. ஆண்டு வாடகை 614 ரூபாய். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை! 1970-லிருந்து உயர்த்தி வாடகை கேட்டது அரசு. ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றது கிளப். பந்தயத்தை ஒழிக்க 1974-இல் போட்ட சட்டமும் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2023-இல்தான் 730.86 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். 2024 செப்டம்பரில் குத்தகை ரத்தாகி, மைதானத்துக்குச் சீல் விழுந்தது.

அதாவது அரைநூற்றாண்டு அவகாசம். அந்த நாட்களில் யாராவது அந்தக் கனவான்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்றார்களா?

அதே அடையாற்றின் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு என்ன நடந்தது? 2015 வெள்ளத்துக்குப் பிறகு, வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுவிட்டு பெரும்பாக்கம் போகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள்.

"நீர்நிலையைக் காக்க வேண்டாமா?" என்பார்கள். காக்கத்தான் வேண்டும். ஆனால் காப்பது ஏன் எப்போதும் குடிசையிலிருந்தே தொடங்குகிறது?

நமக்கும் நிலம் கொடுத்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையால் 1892-இல் அரசாணை வந்தது. மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்கிறோம். நம்மைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதைக் கேட்ட கரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபரில், ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் தோட்டாவுக்குப் பலியானார்கள். ரேஸ் கிளப்புக்குக் கிடைத்தது நோட்டீஸ். நமக்குக் கிடைத்தது துப்பாக்கிச்சூடு.

மீட்ட கிண்டி நிலத்தில் பூங்கா வருகிறதாம், குளம் வருகிறதாம். வரட்டும். ஆற்றங்கரையிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு அதில் ஒரு ஏக்கராவது உண்டா?

தம்பிகளே, தங்கைகளே, பெரம்பலூர், அரியலூர் தாலுகா அலுவலகங்களில் உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'நிபந்தனைப் பட்டா' எங்கே இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

ஆயாவின் கேள்விக்கான பதில் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது.