புள்ளலூரைப் புகையாக்கியவர்

காஞ்சிபுரத்தில் வரலாற்று ஆர்வலர் கூட்டமொன்றில் ஒருவர் பேசிய பேச்சு இப்போது சிறு பிரசுரமாக அச்சாகிப் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பெனிப் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் புள்ளலூரில் அழித்த கதைதான் அது. ஊருக்குப் பக்கத்தில் நடந்த இவ்வளவு பெரிய போரைப் பற்றிப் பேச ஒருவராவது முன்வந்தாரே என்று ஆசையோடு கையில் எடுத்தேன். எழுதியவருக்குத் தோட்டா என்றால் என்னவென்று தெரியாது, வெடிமருந்து எப்படி எரிகிறது என்றும் தெரியாது. இரண்டும் தெரியாமலேயே ஒரு போரின் முடிவை வெடிமருந்தை வைத்து விளக்கியிருக்கிறார்.

அவர் வாதத்தின் சாரம், ஒரே ஒரு ராக்கெட் பாய்ந்தது, மருந்து வண்டிகள் வெடித்தன, போர் முடிந்தது என்பது. இதற்கு அவர் காட்டும் ஆதாரத்தைப் படித்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தேன். அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டு வெறும் இரும்பு உருண்டை, அது வெடிக்காது, ஆகவே வண்டியைக் கொளுத்தியது ராக்கெட்டாக மட்டுமே இருக்க முடியும் என்கிறார். குண்டு வெடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? கரிமருந்துக்கு ஒரு பொறி போதும். பாய்ந்து வரும் இரும்பு உருண்டை வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் மோதினாலே பொறி பறக்கும். அது போதாதென்றால், பெய்லியின் சொந்தப் பீரங்கிகளைச் சுற்றிலும் எந்நேரமும் கனன்றுகொண்டிருந்த திரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலிலிருந்து எரியும் கந்தல் வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. அன்றைய பதிவுகளே இதில் ஒத்துப்போவதில்லை. சிலர் ராக்கெட் என்கிறார்கள், சிலர் ஹைதரின் பீரங்கி என்கிறார்கள். பிரசுரகர்த்தாவுக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை.

"சுவரிலேயே படம் இருக்கிறதே" என்று ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையைக் காட்டுகிறார். இருக்கிறது. பல்லக்கில் பெய்லி, நடுவில் வெடிக்கும் வண்டி, ரோஜாவை முகர்ந்துகொண்டு திப்பு, எல்லாம் உண்டு. அது வென்றவர் தன் மாளிகையில் எழுதவைத்த வெற்றிப்படம். பிறகு வெள்ளையடிக்கப்பட்டது. பிறகு வெள்ளையர் ஆட்சியில், டல்ஹௌசி காலம் உட்பட, திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. அதைப் பார்த்து ரசிக்கலாம். வண்டியில் விழுந்தது எது என்று அதனிடம் சாட்சி கேட்க முடியாது.

ராக்கெட்டுக்குரிய பெருமையை நான் மறுக்கவில்லை. மைசூர் ராக்கெட்டின் புதுமை அதன் இரும்புக் குழாய். காகிதத்திலோ மூங்கிலிலோ மருந்தை அடைத்தால் அழுத்தம் ஏறியதும் கிழிந்துபோகும். இரும்பு அந்த அழுத்தத்தைத் தாங்கியதால் அதிக மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பின் அகப்பட்டவை இங்கிலாந்தின் உல்விச் ஆயுதச்சாலைக்குப் போய், காங்கிரீவ் என்பவரின் கையில் புது வடிவம் பெற்றன. அதே சமயம், குறி பார்த்து அடிக்கும் ஆயுதம் அல்ல அது. குதிரைகளை மிரட்டும், வரிசையைக் கலைக்கும், கூட்டத்துக்குள் விழுந்தால் நாசம் செய்யும். எங்கே விழும் என்பது விட்டவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஒன்று தற்செயலாக வண்டிமேல் விழுந்ததால்தான் ஹைதர் வென்றார் என்றால், அவருக்குக் கிடைத்தது லாட்டரிச் சீட்டு என்று பொருள். புகழ்வதாக நினைத்துக்கொண்டு ஹைதரை இப்படி அவமதித்தவர் வேறு யாரும் இல்லை.

நடந்ததைப் பாருங்கள். பெய்லி குண்டூரிலிருந்து வந்தவர். கொசஸ்தலையாற்றின் வடகரையில் ஓர் இரவு தங்கப்போய், வெள்ளம் வந்து, செப்டம்பர் தொடக்கம் வரை அந்தக் கரையிலேயே கிடந்தார். கும்பெனியின் இன்னொரு படையோடு ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். இருவரும் சேர்ந்துவிட்டால் வெல்வது கடினம் என்று ஹைதருக்குத் தெரியும். ஆற்காட்டு முற்றுகையை விட்டுவிட்டு வந்து மன்றோவை இங்கே கட்டிப்போட்டார், மகனைப் பெய்லியின் பக்கம் அனுப்பினார். செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினார். மன்றோ தன் படையில் சுமார் ஆயிரம் பேரைக் கர்னல் ஃப்ளெட்சருடன் அனுப்பிவிட்டு, தான் மட்டும் காஞ்சியில் சேர்த்துவைத்த அரிசியைக் காத்துக்கொண்டு உட்கார்ந்தார். 9ஆம் தேதி இரவு புறப்பட்ட பெய்லி வழியில் நின்றுவிட்டார். விடிந்தபோது எதிரே இருந்தது திப்பு மட்டுமல்ல, ஹைதரின் முழுப்படையும்கூட. ஒற்றர் வலை, இரவோடிரவாக நகர்ந்த படை, முன்கூட்டியே நிறுத்திவைத்த பீரங்கிகள் என்று எல்லாம் கூடிவந்த பிறகுதான் அந்த வண்டிகள் வெடித்தன. வெடித்த பிறகும் போர் உடனே முடியவில்லை. எஞ்சியவர்கள் சதுரமாக நின்று குதிரைப்படையைத் திரும்பத் திரும்பத் தடுத்தார்கள். பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஒரே ராக்கெட்டில் கதையை முடித்த பிரசுரத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

வண்டி வெடித்ததால் என்ன கெட்டது என்பதையாவது சரியாகச் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. "ஒவ்வொரு தோட்டாவும் ஒரு துப்பாக்கியாக மாறி, ஆயிரக்கணக்கான குண்டுகள் சிப்பாய்களின் மார்பைத் துளைத்தன" என்று எழுதியிருக்கிறார். சினிமாவில் நன்றாக இருக்கும். குண்டுக்கு வேகம் கொடுப்பது குழல். மருந்து எரிந்து வாயுவாகிறது. மூன்று பக்கமும் அடைபட்ட அந்த வாயு, திறந்திருக்கும் ஒரே பக்கமாகக் குண்டை நீளம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போகிறது. குழல் இல்லையென்றால் வாயு போகிற போக்கில் சிதறிவிடும். 1780இன் தோட்டா ஒரு காகிதச் சுருள், அதற்குள் ஓர் ஈயக் குண்டும் ஒரு அளவு மருந்தும். சிப்பாய் அதைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் இட்டு, மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கஜக்கோலால் கிட்டிக்க வேண்டும். நெருப்பில் விழுந்தால் அந்தக் காகிதம்தான் முதலில் எரியும். இன்றைய பித்தளைத் தோட்டாவே நெருப்பில் படபடவென்று வெடித்தால் பெரும்பாலும் தெறிப்பது கிழிந்த பித்தளைதான். குண்டு துப்பாக்கியிலிருந்து வருவதுபோல வராது. கண் போகும், தோல் கிழியும், ஆகவே கிட்டே போகக் கூடாது. ஆனால் அது துப்பாக்கிச் சூடு ஆகாது.

அங்கே கொன்றது குவியலாக இருந்த மருந்து. எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து கரி, பத்து கந்தகம். "மூடிய பெட்டியில் வைத்திருந்தால் காற்றில்லாமல் அணைந்திருக்கும்" என்று இன்னொரு முத்தை உதிர்க்கிறார். எரியத் தேவையான பிராணவாயு வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. வெளிக்காற்று வேண்டியதில்லை. இறுக மூடினால் அழுத்தம் ஏறி இன்னும் மோசமாக வெடிக்கும். இதைக் காஞ்சிக்காரருக்குப் புத்தகம் பார்த்துச் சொல்லவேண்டுமா? 2023 மார்ச் 22 அன்று குருவிமலைப் பட்டாசு ஆலை வெடித்தபோது என்ன நடந்தது என்று இந்த ஊர் அறியும்.

வண்டிகள் போனதால் வந்த உண்மையான கேடு வெறும் கணக்கு. ஒரு சிப்பாயின் பையில் அறுபது தோட்டா இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு மூன்று சுட்டால் இருபது நிமிடத்தில் பை காலி. பிறகு வண்டிதான் கதி. வண்டி இல்லையென்றால் கையில் இருப்பது முனையில் ஈட்டி செருகிய ஒரு தடி. இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பிரசுரகர்த்தாவுக்கு ராக்கெட் மாயமே தேவைப்பட்டிருக்காது.

பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டாவைக் கடிக்கச் சிப்பாய்கள் தயங்கினார்களாம், அதனால் சுடுவது தாமதமானதாம், அதுவும் புள்ளலூரில்! அது 1857இன் என்ஃபீல்டு விவகாரம். என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் சுருள்வரிகள் உண்டு. குண்டு இறுக்கமாக இறங்க வேண்டும் என்பதால் தோட்டாக் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். புள்ளலூர்ச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் வழவழப்பானது, முக்கால் அங்குல அகலம். குண்டு அதைவிடச் சிறியது, தளர்வாகவே உள்ளே இறங்கும். கொழுப்புக்கு அங்கே வேலையே இல்லை. எழுபத்தேழு வருடத்தைத் தாண்டிக் கொழுப்பைக் கொண்டுவந்து தடவியவர் இவர்தான். இதே வேகத்தில் 1806 வேலூர்ப் புரட்சிக்கும் தோட்டாவையே காரணமாக்குகிறார். வேலூரில் பிரச்சினை தலைப்பாகையும் நெற்றிக்குறியும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

அடுத்தது பட்டு. ஹைதரின் குதிரை வீரர்கள் காஞ்சிப் பட்டை மடித்து மார்பில் கட்டியதால் கும்பெனிக் குண்டு துளைக்கவில்லையாம். நெசவாளர் தெருவில் கைதட்டு வாங்கும் வாசகம்தான் இது. பட்டு குண்டைத் தடுக்கும் என்பது முழுப் பொய்யும் அல்ல, அதனால்தான் இது ஆபத்து. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் குட்ஃபெலோ, குண்டடிபட்டவர்களின் பட்டுக் கைக்குட்டை கிழியாமல் இருந்ததைக் கவனித்து 1887இல் எழுதினார். சிகாகோவின் காசிமிர் ஸெக்லென் 1890களில் பட்டால் மார்புக்கவசமே செய்தார். ஆனால் அது பல அடுக்காக, அதற்கென்றே இறுக்கி நெய்த தடித்த துணி. அது நிறுத்தியது கைத்துப்பாக்கிக் குண்டை. புள்ளலூரில் பறந்தது சுமார் முப்பது கிராம் எடையுள்ள ஈயம். அதற்குமுன் நம் புடவையின் கோர்வையும் நிற்காது, பேட்னியும் நிற்காது. ஜரிகை வேண்டுமானால் காயத்துக்குள் போய்ச் சீழ் வைக்கும். பட்டுக்கும் ஹைதர் வீட்டுக்கும் உறவு தேடுகிறார் என்றால் உண்மையானதே ஒன்று கிடக்கிறது. மைசூர்ச் சீமையில் பட்டுப்புழு வளர்ப்பை ஊன்றியவர் திப்பு. இன்றும் நம் தறிகளுக்குப் பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது. அதைச் சொல்ல இவருக்குத் தோன்றவில்லை. அதில் குண்டு பாய்வதில்லையே!

புள்ளலூர் வயலில் நிற்கும் இரண்டு நினைவுத்தூண்களைப் பெய்லியின் தோல்விச் சின்னம் என்கிறார். அவை 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே இடத்தில் நடந்த இரண்டாம் போரில் இறந்த அதிகாரிகளுக்கானவை. பெய்லி சிறைப்பட்டு 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். கல்வெட்டைக் குனிந்து படித்திருந்தாலே போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் அறியாமை. சிரித்துவிட்டுப் போகலாம். கடைசிப் பக்கத்தை அப்படி விட முடியாது. புள்ளலூர் வயல்களில் கிடைக்கும் ஈயக் குண்டுகள் "எந்நேரமும் வெடிக்கலாம்" என்று பிள்ளைகளை எச்சரிக்கிறார். ஈயக் குண்டில் வெடிக்க எதுவும் இல்லை. அது வெறும் ஈயம். அடுத்த பத்தியிலேயே, பெய்லி அழிந்த செய்தி கேட்டு மன்றோ செங்கல்பட்டுக்குப் பின்வாங்கும்போது பெரும்பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுப் போனதைச் சொல்லி, கோடையில் குளம் வற்றும்போது இளைஞர்கள் மண்ணைக் கிளறி "வெடிமருந்துப் பொக்கிஷத்தை" மீட்க வேண்டும் என்கிறார். மன்றோ பீரங்கிகளைக் குளத்தில் தள்ளியது உண்மை. மருந்து அங்கே இருக்காது, வெடியுப்பு தண்ணீரில் கரைந்துபோகும். இருக்கக்கூடியது வேறு. உள்ளே மருந்து அடைத்த இரும்புக் குண்டின் வாய் துருவில் அடைபட்டிருந்தால் மருந்து நெடுங்காலம் ஈரம்படாமல் இருக்கும். அதைவிட மோசம், 1780க்குச் சம்பந்தமே இல்லாத, நேற்றைய ராணுவச் சரக்கு. 2019 ஆகஸ்டில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த மானாமதியில் கங்கையம்மன் கோயில் குளத்தைத் தூர்வாரியவர்கள் கையில் அப்படியொன்று கிடைத்து வெடித்தது. உயிர்கள் போயின. வெடிக்காததைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, வெடிக்கக்கூடியதைத் தோண்டச் சொல்கிறது இந்தப் பிரசுரம். அனுமதியில்லாமல் ஒரு தோட்டாவைக் கையில் வைத்திருந்தாலே 1959இன் ஆயுதச் சட்டப்படி வழக்கு என்பதையும் அதில் எங்கும் காணோம்.

ராக்கெட், பட்டு, கொழுப்பு எல்லாவற்றையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். கடைசிப் பக்கத்தை மட்டும், ஏற்கெனவே பள்ளிகளுக்குக் கொடுத்த படிகள் உட்பட, கிழித்து எடுத்துவிட்டு வரவேண்டும். அந்த இடத்தில் ஒரே வரி அச்சிடலாம்: குளத்திலோ வயலிலோ இனந்தெரியாத இரும்புப் பொருள் கண்டால் தொடாதே, தூரப் போ, 112க்குச் சொல்.