இருபது இறாத்தலை விடுங்கள், அரை மணித்தியாலம் நடப்போம்

தை பிறந்ததும் நம்மில் பலர் சபதம் எடுக்கிறோம்: இருபது இறாத்தல் குறைப்பது, சோற்றைத் தொடுவதில்லை. மாசி முடியுமுன் சபதம் போய்விடும், சோறு இரண்டு கோப்பையாகிவிடும். இலக்கே பிழை என்பதுதான் எங்கள் அபிப்பிராயம்.

சென்னையில் டொக்டர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் அரை மணித்தியாலம் விரைவாக நடக்கவும், சீனி, எண்ணெய், மாப்பொருளைக் குறைக்கவும் அறிவுரை பெற்ற பிரிவினரிடம் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் நிறையோ குறிப்பிடும்படி குறையவேயில்லை! தராசைப் பார்த்துச் சோர்ந்து நடையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பார்க்டேலில் இருக்கும் நாம் ஜேம்சன் அவெனியூவிலிருந்து ஏரிக்கரைக்கு நடக்கலாம். பனி கொட்டினால் டஃபரின் மோல் இருக்கிறது (கடைக்குள் நுழையாமல் நடப்பது தனிச் சபதம்). இரண்டு வேலை செய்பவர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்குத்தான். சோற்றையும் விடவேண்டாம், பாதிக் கோப்பையை மரக்கறியால் நிரப்பிவிட்டுப் பிறகு போடுங்கள். குளிசை எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நடந்த நாளுக்குக் கலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த முறை வரும்போது அதையும் கொண்டு வாருங்கள். வைத்தியர்களான நாங்கள் முதலில் அதைத்தான் பார்ப்போம்.