பூட்டிய கிடங்கும் கோர்ட்டுத் தடை உத்தரவும்

கீழ்பென்னாத்தூர் வட்டார விவசாயிகள் மணிலாவையும் நெல்லையும் களத்துமேட்டிலேயே விற்றுவிடாமல், விலை ஏறட்டும் என்று வாடகைக் கிடங்கில் அடுக்கி வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் வாடகைத் தகராறு முற்றி, கிடங்குக்காரர் தம் பூட்டை மாட்டிவிட்டால் என்ன செய்வது? "கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிடலாம்" என்று டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். என்ன ஸ்டே கேட்பது என்பதை யாரும் சொல்வதில்லை.

சாதாரணமாகக் கேட்பது, "மூட்டைகளை விற்கக் கூடாது, அப்புறப்படுத்தக் கூடாது" என்ற தடை. அது கிடைத்தாலும் மூட்டை உள்ளேதான் இருக்கும். பூட்டும் அப்படியே தொங்கும். காயில் ஈரம் 8 சதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். விதைக்கு வைத்த மல்லாட்டையானால் ஆடிப் பட்டமும் போய்விடும். வாய்தா மேல் வாய்தா வாங்கி வழக்கில் ஜெயித்தாலும் கைக்கு வருவது சொத்தைதான்.

ஆகவே, தகராறிலுள்ள வாடகைப் பாக்கியைக் கோர்ட்டில் கட்டிவிடுகிறேன், சரக்கை எடுக்க அனுமதியுங்கள் என்று மனுவிலேயே கேட்பதுதான் சரி என்பது நமது கருத்து. பூட்டைத் திறக்கச் சொல்லும் இடைக்கால உத்தரவு சுலபத்தில் கிடைக்காது. வெறும் தடைக்கு வேண்டியதைவிட வலுவான ஆதாரம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1990-லேயே கூறியிருக்கிறது. ஆனாலும் பணத்தோடு வருகிறவர் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆறு மாத வாடகையை நிறுத்திவிட்டு "அவசரம்" என்று ஓடுகிறவரை எந்த நீதிபதியும் கொஞ்சம் உற்றுப் பார்க்கத்தான் செய்வார். கிடங்குக்காரருக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா?

அதுவும் முடியாவிட்டால், கெட்டுப்போகும் சரக்கை விற்றுப் பணத்தைக் கோர்ட்டில் வைக்க சிவில் நடைமுறைச் சட்டம் 39-வது கட்டளை 6-வது விதி இடம் தருகிறது. மூட்டைகளை எண்ணி, தரத்தைக் குறித்து வர ஒரு கமிஷனரை நியமிக்கும்படியும் கேட்கலாம்.

எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காமலே உடனடித் தடை தரலாம். ஆனால் காரணத்தை எழுதி வைத்துத்தான் தர வேண்டும். பெற்றவர் சும்மா இருக்க முடியாது. மனு நகல்களை உடனே பதிவுத் தபாலில் எதிராளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கான அபிடவிட்டை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட்டும் அந்த மனுவை 30 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும். அப்படி முடிக்காவிட்டால் தடையால் பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம் என்று 2000-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கிடங்குக்காரர் முந்திக்கொண்டு கேவியட் போட்டிருந்தால் 90 நாள் வரை அவருக்குச் சொல்லாமல் உத்தரவு வாங்க முடியாது.

இதற்கெல்லாம் அடிப்படை, முதலில் எழுதிக்கொண்ட காகிதம். அறையை வாடகைக்கு எடுத்து சாவியும் உங்களிடமே இருந்தால் நீங்கள் குடிவாரதாரர். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், 1963-ம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6-வது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். மூட்டையை அவரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கியிருந்தால் கதை வேறு. 2007-ம் ஆண்டுக் கிடங்குச் சட்டப்படி பதிவு பெற்ற கிடங்கானால், சேர வேண்டிய கட்டணத்துக்காகச் சரக்கைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டு. பதிவில்லாத தனியார் கிடங்கில் பழைய பாக்கிக்கெல்லாம் சேர்த்துச் சரக்கை நிறுத்த முடியுமா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது.

நம் பக்கத்தில் பெரும்பாலும் வாசகமே கிடையாது, வாய்ப்பேச்சுத்தான். மூட்டை எண்ணிக்கை, எடை, வாடகை, சாவி யாரிடம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள அரை மணி நேரம் போதும். மாத வாடகைக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.