பனிக்குப் போகும் சப்பாத்து

1997 மே 23ஆம் நாள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். மலேசியர் அங்கே கால் பதித்தது அதுவே முதல் முறை. இன்று தாசேக் கெலுகோர் பிள்ளைகளும் நேபாளம், ஹொக்காய்டோ என்று கிளம்புகிறார்கள். குளிர்ச்சட்டைக்குக் கடை கடையாக அலைபவர்கள், சப்பாத்தை மட்டும் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுகிறார்கள்.

முதலில் தடித்த கம்பளிக் காலுறையை வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் சப்பாத்தை அணிந்து பாருங்கள். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். கதகதப்பைக் காப்பது உள்ளே தங்கும் காற்றுதான். குளிருக்கென்று இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும்; உறைந்த விரலை வெட்டியெடுக்க நேர்ந்தவர்களும் உண்டு. பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். உள்சப்பாத்து தனியே கழல்வதாக இருந்தால் நல்லது, இரவில் உலர்த்தலாம்.

இன்னொன்று, நம் ஊர்க்காற்றின் வேலை. பல வருடம் அலமாரியில் கிடந்த சப்பாத்தின் பாலியூரிதேன் அடிப்பாகம் ஈரப்பதத்தில் மெல்லச் சிதைந்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும்; நடந்தால் பொடிப்பொடியாக உதிரும். அண்ணன் போட்டது, நண்பர் கொடுத்தது என்றால், ஒரு மாதம் முன்பே மாட்டிக்கொண்டு செரோக் தோக்குன் மலையில் ஏறிப் பாருங்கள். அடி கழன்றால் அங்கேயே கழலட்டும்.