ஆண்டாள் கிளி சொல்லும் பாடம்

கழிவுப் பொருளில் பிறக்கும் கைவேலை நிலைக்க வழி என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் ஒரு கிளி பிறக்கிறது. அதன் ஆயுள் ஒரே நாள். மறுநாள் அது ஒரு பக்தரின் கைக்குப் போய்விடுகிறது. அதன் இடத்தில் புதுக்கிளி வந்து அமர்ந்துவிடுகிறது.

ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் இலைக்கிளியைத்தான் சொல்கிறோம்.

அந்தக் கிளிக்கு மூக்கு, மாதுளம் பூ. உடல், மரவள்ளி இலை. இறக்கை, நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும். வால், வெள்ளரளியும் செவ்வரளியும். கட்டுவதற்கு வாழை நார். கண்ணுக்குக் காக்காய்ப்பொன். பொன்னும் இல்லை, மணியும் இல்லை. தோட்டத்திலும் வேலி ஓரத்திலும் கிடைக்கிற பொருள்களே அநேகம். ஆனால் ஒரு கிளியைக் கட்டி முடிக்கச் சுமார் நாலரை மணி நேரம் ஆகிறது. புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிய மாலை போகும்போது கிளியும் கூடவே போகிறது.

இலையும் நாரும் கலையாகின்றன. தலைமுறைகள் மாறியும் அந்தக் கலை அழியவில்லை. என்ன காரணம்?

பக்தி ஒரு காரணம். அதை யாரும் மறுக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. இன்று மாலை ஒரு கிளி தேவை. நாளை மாலை இன்னொரு கிளி தேவை. தேவை நிற்கவில்லை, ஆகவே கையும் நிற்கவில்லை.

இந்தச் சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஊர்தோறும் நடக்கும் வேறொரு காரியத்தைப் பார்ப்போம்.

கண்காட்சிக்கு மறுநாள்

"கழிவிலிருந்து கலை" என்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போட்டிகள் நடக்கின்றன. பழைய நாளிதழைச் சுருட்டிப் பேனாக் கூடு செய்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பொம்மை வீடு கட்டுகிறார்கள். தேங்காய்ச் சிரட்டை விளக்காகிறது. பிள்ளைகளின் கைத்திறனைக் கண்டு பெற்றோர் பூரிக்கிறார்கள். பூரிக்க வேண்டியதுதான்.

ஆனால் கண்காட்சி முடிந்த மறுநாள் அந்தப் பொருள்கள் எங்கே போகின்றன? பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்குத்தான்.

அதோடு போகட்டும் என்று விடுவதற்கும் இல்லை. காகிதம் தனியாக இருந்தால் பழைய பேப்பர்க்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். மறுபடியும் காகிதமாகும். அதே காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் பசையை உருக்கி ஊற்றி, மினுக்குத் தூள் தூவி, தெர்மோகோல் பலகையில் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? எந்தப் பேப்பர்க்காரரும் அதைத் தொட மாட்டார். விலை போகும் பொருள், விலை போகாத பொருளாகிவிடுகிறது. குப்பையைக் கலையாக்கப் புறப்பட்டவர்கள், கலையைக் குப்பையாக்கி முடிக்கிறார்கள்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1 முதல் அமலாயிற்று. அந்தப் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மோகோலும் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2023 அக்டோபரிலேயே பிளாஸ்டிக் மினுக்குத் தூள் விற்பனைக்குக் கடிவாளம் போட்டன. நம் கண்காட்சி மேஜைகளோ இன்னும் மினுமினுத்துக்கொண்டிருக்கின்றன!

காகிதத்துக்குப் பஞ்சமா?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகாசி மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இங்கே காகிதத்துக்குப் பஞ்சம் இல்லை.

ராஜபாளையம் நூற்பாலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பின் ஆலைகள் பெருகின. ஆலை நூலைச் சுற்றி அனுப்பும் கூம்பு, கெட்டிக் காகிதத்தால் ஆனது. சிவகாசியோ நாட்காட்டிக்கும் நோட்டுக்கும் லேபிளுக்கும் பேர் போன அச்சு நகரம். அங்கே தாளின் ஓரத்தை வெட்டும்போது விழும் நறுக்கு மலைபோல் குவியும்.

இவையெல்லாம் தெருவில் கிடக்கின்றனவா என்றால், இல்லை. நறுக்குக் காகிதத்துக்கு விலை உண்டு. அது காகித ஆலைக்குப் போகிறது. காகிதத்தின் நார் ஐந்து முதல் ஏழு முறை வரை மறுசுழற்சியைத் தாங்கும் என்பார்கள். அதன் பிறகே இற்றுப்போகும். நூற்பாலையில் கழியும் பஞ்சும் அப்படித்தான். அதை வாங்கத் தனி வியாபாரிகள் இருக்கிறார்கள். மட்ட ரக நூலாகவோ மெத்தைப் பஞ்சாகவோ அது திரும்பி வருகிறது.

ஆக, வாங்குகிறவன் இருக்கும் இடத்தில் எதுவும் கழிவு ஆவதில்லை. கிளி சொன்னதும் இதுதான். மில் சொல்வதும் இதுதான்.

வெந்தயமும் பழைய பேப்பரும்

நம் பாட்டிமார்களுக்கும் இது தெரிந்திருந்தது. அவர்கள் போட்டிக்காகக் காகித வேலை செய்யவில்லை. வீட்டுக்காகச் செய்தார்கள்.

பழைய காகிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஊறிய காகிதத்தோடு வெந்தயத்தையும் சேர்த்து உரலில் இட்டு ஆட்டுவார்கள். வெந்தயத்தின் வழவழப்புத்தான் பசை. அந்த விழுதைக் கவிழ்த்த பானையின் மேல் கனமாக அப்பி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்ததும் கழற்றினால் கூடை தயார்! வற்றலும் வடகமும் அப்பளமும் போட்டு வைக்கலாம். மூங்கில் முறத்தில் இடுக்கு விழுந்தால் அதையும் இந்த விழுதால் மெழுகி அடைத்துவிடுவார்கள்.

இந்தக் கூடையில் பிளாஸ்டிக் இல்லை. உடைந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். வெந்தயத்தின் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. ஒரு பொருள் எதனால் ஆனது, எதற்கு உதவும், கடைசியில் எங்கே போகும் என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை இருந்தது.

காகிதக் கூழை நம்பியே பிழைக்கும் கைகளும் உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், பண்ருட்டியிலும் காகிதக் கூழில் கொலு பொம்மை செய்கிறார்கள். மண் பொம்மையைவிட எடை குறைவு. வெளியூருக்கு அனுப்பினாலும் எளிதில் உடையாது. ஆனால் கொலு என்பது ஒன்பது இரவு. அந்த ஒன்பது இரவின் வருமானத்தில் ஓர் ஆண்டை ஓட்ட வேண்டியிருக்கிறது. அங்கேதான் கஷ்டம்.

224 பை!

கைவேலையால் கூலி கட்டுமா? கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரு பெண் பழைய நாளிதழில் பை ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பை ஒன்று 2 ரூபாய்க்குப் போகிறது. காகிதத்துக்கும் பசைக்கும் 50 காசு கழித்தால் மிச்சம் ஒன்றரை ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியாவது கிடைக்க வேண்டுமானால் அவர் நாளொன்றுக்கு 224 பை ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரத்தில் மணிக்கு 28 பை. அதாவது இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பைக்குச் சற்றுக் குறைவு.

பழகிய கைக்கு இது முடியாத வேலை அல்ல. ஆனால் நாளை மீண்டும் 224 பை, நாளை மறுநாள் 224 பை என்று வாங்கிக்கொள்ளக் கடைக்காரர் வேண்டும். அவர் இல்லாவிட்டால், பயிற்சி முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து என்ன பயன்? சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். உலை வைக்க முடியாது.

வாங்குகிறவர் இந்த ஊர்களில் இல்லாமல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கையில் வாங்காமல் ஊர் திரும்புகிற யாத்திரிகர் அபூர்வம். அத்தனை பேருக்கும் பை வேண்டும், பெட்டி வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பால்கோவாவை நாளிதழில் நேராகப் பொட்டலம் கட்டக்கூடாது. அச்சு மையில் உடலுக்கு ஆகாத பொருள்கள் உண்டு. உணவைச் செய்தித்தாளில் கட்டித் தருவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்திருக்கிறது. உள்ளே உணவுக்கு உகந்த தாளோ பனை ஓலைப் பெட்டியோ இருக்கட்டும். வெளியே தூக்கிப் போகும் பை பழைய காகிதத்தில் இருக்கட்டும். பார்வைக்குக் காகிதமாக இருந்து, உள்ளே பிளாஸ்டிக் பூசிய தட்டும் குவளையும் தமிழ்நாட்டின் 2019 தடைப் பட்டியலிலேயே இருக்கின்றன. காகிதம் என்ற பெயரைக் கண்டு ஏமாறக்கூடாது.

மடித்த தாளில் கணக்கு

பை ஒட்டுவது பிழைப்புக்கு. பள்ளிப் பிள்ளைக்குக் காகிதம் எதற்கு என்று கேட்கலாம். அறிவுக்கு!

1893-ல் சென்னையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் டி. சுந்தரராவ். ஒரு காகிதத் துண்டை மடித்து மடித்தே வடிவ கணிதத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்று அதில் காட்டினார். ஜெர்மனியில் புகழ்பெற்ற கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்தப் புத்தகத்தை எடுத்துச் சொன்னார். 1901-ல் அது சிகாகோவில் மறுபதிப்பாயிற்று. நம் ஊர் மனிதர் மடித்த தாளை உலகம் பிரித்துப் பார்த்தது. நாமோ கைவேலை வகுப்பை, படிப்பு ஏறாத பிள்ளைக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டோம்.

இந்த ஒதுக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. அது குலக்கல்வி என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1952-ல், நாடாளுமன்றத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி இதே ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.

அந்தக் கண்டனம் நியாயமானது. அப்பன் தொழில்தான் மகனுக்கு என்றால் அது கல்வி ஆகாது. ஆனால் எதிர்ப்பு, பிறப்பைக் கொண்டு தொழிலை விதிப்பதற்குத்தானே தவிர, கைக்கு அல்ல. கலெக்டர் மகளும் காகிதம் மடிக்கட்டும். கூலிக்காரர் மகளும் கணக்குப் போடட்டும். இரண்டும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் நடக்கட்டும். அப்போது அது குலக்கல்வி ஆகாது; முழுக்கல்வி ஆகும்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பிறகு ஊதியம் படிப்படியாக உயர்ந்தது. ஆனாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நிற்க நேர்ந்தது. கைவேலையை மதிக்கிறோம் என்று மேடையில் பேசினால் போதாது. அதைக் கற்பிக்கிறவரை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் மதிப்புத் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய திட்டம் வேண்டாம். மூன்று காரியங்கள் போதும்.

முதலாவது, போட்டி விதியை மாற்றுவது. தெர்மோகோலும் மினுக்குத் தூளும் பிளாஸ்டிக் பசையும் வந்தால் பரிசு இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அரிசிக் கஞ்சியும் மைதாப் பசையும் வெந்தய விழுதும் போதும். செய்த பொருள் ஆறு மாதம் கழித்தும் வீட்டில் உபயோகத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் பரிசு கொடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, வாங்குவதற்கு உறுதி தருவது. 2021 டிசம்பர் 23-ல் "மீண்டும் மஞ்சப்பை" திட்டம் தொடங்கியது. மஞ்சப்பைக்குச் செய்த விளம்பரத்தில் ஒரு பங்கு காகிதப் பைக்கும் ஓலைப் பெட்டிக்கும் கிடைக்கட்டும். பால்கோவாக் கடைகளும் மருந்துக் கடைகளும் மகளிர் குழுக்களிடம் மாதம் இத்தனை பை எடுத்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, நிரந்தரமாக ஓர் இடம். ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, கலைக்காகத் தம் வீட்டையே கொடுத்தார். அவர் பிறந்த ஊரில், வாரம் ஒரு நாள் கைவேலைப் பொருள்களுக்கு ஒரு சந்தை கூட்ட இடம் கிடைக்காமலா போகும்?

பரிசுக்காகச் செய்த பொருள் பரிசோடு முடிந்துவிடுகிறது. தேவைக்காகச் செய்த பொருள் மறுநாளும் கேட்கப்படுகிறது. கேட்கிறவர் இருக்கும் வரை, இலை என்ன, நார் என்ன, பழைய பேப்பர் என்ன, எல்லாம் கலைதான். கேட்கிறவர் இல்லாவிட்டால், பொன்னால் செய்தாலும் அது ஒரு நாள் கூத்துத்தான்.