மணலும் மாண்டிசோரியும்

சென்ற திங்கள், செகந்தராபாத்தில் என் அக்காள் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தேன். நான்கு வயதுக் குழந்தை. வாயிற் பலகையில் மாண்டிசோரியின் பெயர் கொட்டை எழுத்தில் மின்னிற்று. உள்ளே 40 குழந்தைகள் வரிசையாக அமர்ந்து, தாங்கள் கண்டேயிராத பனியைப் பற்றி ஆங்கிலப் பாட்டு ஒப்புவித்துக்கொண்டிருந்தனர். கருவிகளெல்லாம் அலமாரியில் பூட்டுக்குள்! "மாமா" என்று ஓடிவந்தவள், ஆசிரியையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழ் பேசுவது அங்கே குற்றமாம்.

நண்பர்களே, அயல்நாட்டு முறை ஆகாது என்று கூற நான் வரவில்லை. அறிவியல் பயிலும் மாணவன் அப்படிக் கூறுவது தகாது. ஆயினும், ஓரிடத்துச் சோதனையை வேறோரிடத்தில் செய்து பார்ப்பவன், மாறாத கொள்கை எது, மாற்றத்தக்க கருவி எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும் அன்றோ? நாம் பெயர்ப்பலகையை இறக்குமதி செய்துவிட்டுக் கொள்கையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கிய மாண்டிசோரி அம்மையார் ஒரு மருத்துவர். குழந்தையை உற்றுநோக்கு, தானே செய்ய விடு, குறுக்கே நில்லாதே. அவர் கொள்கையின் சாரம் இதுதான். 1939-ல் அவர் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார்.

அவர் வருமுன்பே, 1920-ல், பவநகரில் கிஜுபாய் பதேக்கா பாலமந்திர் நிறுவி, இம்முறையைக் குஜராத்திக் கதையோடும் பாட்டோடும் இணைத்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் 1945-ல் பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்தில் மேலும் ஒரு படி சென்றார். ஏழைக் குழந்தை பள்ளிக்கு வரவில்லையா? பள்ளி அதன் முற்றத்துக்குப் போயிற்று. விலையுயர்ந்த கருவிகளின் இடத்தில் விதையும் கூழாங்கல்லும் இலையும் வந்தன. முற்றத்தைக் குறிக்கும் 'அங்கன்வாடி' என்னும் பெயரை 1975-ல் தொடங்கிய அரசுத் திட்டம் நாடெங்கும் கொண்டுசென்றது.

நம்மிடமும் முதல் இல்லாமல் இல்லை. அம்மையார் எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி, விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியது வேறென்ன? எழும்பூர் அனாதைப் பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், மணலில் எழுதும் இந்த வழக்கத்தைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-ல் இங்கிலாந்தில் நூலாகவே வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அந்நாடு அதை ஏற்றது. அவர்கள் நம்மிடம் கொள்ள வெட்கப்படவில்லை. நம்முடையதை நாமே எடுத்துக்கொள்ள ஏன் கூச்சம்?

"ஆங்கிலம் வந்தால்தானே பிழைப்பு?" என்பார்கள் பெற்றோர். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தில் பிறந்த நான் அந்த அச்சத்தை எள்ளி நகையாடேன். ஆங்கிலம் வரட்டும்; தெருவில் தெலுங்கும் உருதும் தாமே வரும். ஆனால் முதல் மொழியிலேயே வாய் மூடப் பழகிய குழந்தை, அடுத்த மொழியில் கேள்வி கேட்கத் துணியுமா? இயன்றவரை 5-ஆம் வகுப்பு வரையேனும் வீட்டுமொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. ஐதராபாத்தில் எல்லாத் தமிழ்க் குழந்தைக்கும் அது கிட்டாது. 'பேசாதே' என்று அடக்காமல் இருப்பதாவது எங்கும் இயலும்.

நம் சங்கம் பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்துகிறது, நன்று. ஞாயிறுதோறும் ஓர் அறை, ஒரு பாய், ஒரு தட்டு மணல், ஒரு பல்லாங்குழி, ஒரு படி புளியங்கொட்டை வைத்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அழைத்தால் என்ன? நாம் பாடம் நடத்த வேண்டாம். அருகில் அமர்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்போம். முதல் ஞாயிறு என் அக்காள் மகளை நான் அழைத்து வருகிறேன். நீங்கள்?